சங்கிலி மன்னன் ஒருவரா, இருவரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரத்தில் வரலாறு படிக்கும் என் பேத்திக்கு, யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னன் பற்றி ஓர் ஒப்படை. போனில் தேடி எடுத்த குறிப்புகளோடு சென்ற வாரம் என்னிடம் வந்தாள். "அம்மம்மா, 1544இல் மன்னாரில் கத்தோலிக்கரைக் கொல்வித்தவரும் 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டவரும் ஒரே ஆளாம். அப்ப அவருக்கு எத்தனை வயசு?" என்று கேட்டாள். அவள் பார்த்த நான்கு பக்கங்களிலும் அதே கதை, எழுத்துப்பிழைகூட மாறாமல். எங்கிருந்து எடுத்தது என்று ஒன்றிலும் இல்லை.

சங்கிலி இருவர். மன்னாரில் நடந்ததும் 1560இல் போர்த்துக்கேயர் படையோடு வந்ததும் முதலாமவர் காலத்தில். கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்ட கடைசி அரசர் சங்கிலி குமாரன். இருவரையும் ஒருவராக்கியது இணையம் அல்ல. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையிலேயே அந்தக் கலப்பு இருக்கிறது. யாழ்ப்பாண அரசு விழுந்து நூறு ஆண்டுக்கு மேல் கழித்து எழுதிய நூல் அது.

இதை நாங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தபடியே பார்த்தோம். வைபவமாலை 'நூலகம்' இணையத்தளத்தில் இருக்கிறது. போர்த்துக்கேயர் இலங்கையைப் பிடித்த கதையைக் குவேறோஸ் பாதிரியார் 17ஆம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து எழுதினார். அந்த நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இல் கொழும்பில் வெளிவந்தது. அது இன்ரர்நெற் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் கிடைக்கிறது. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. அவர் போர்த்துக்கேயர் பக்கம் நின்று எழுதியவர். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். பழைய தாள்கள் படமாக இருப்பதால் சொல்லைத் தட்டித் தேடினால் பலநேரம் அகப்படாது. ஏடு புரட்டுவதுபோல் பொறுமையாகப் புரட்ட வேண்டும். எனக்கு அதில் இரண்டு மாலை போனது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. நான் அந்த மேசைகளில் இருந்து குறிப்பெடுத்தவள். இனி எங்கே போய்ப் படிப்பது என்று அன்று அழுதேன். இன்று என் பேத்தியின் கையில் அந்தப் பக்கங்கள் திறக்கின்றன. ஆனால் அவை அங்கே இருப்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஐயா, உங்கள் மாணவர் பக்கத்தில் வரலாற்றுக் கட்டுரை வரும்போது, எந்த மூலத்திலிருந்து எழுதியது, அதை இணையத்தில் எங்கே படிக்கலாம் என்று அடியில் இரண்டு வரி போடுங்கள். அந்த இரண்டு வரி இருந்திருந்தால் என் பேத்தி நேரே மூலநூலுக்கே போயிருப்பாள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கோப்பாய்.