தோணாக்கரை வெள்ள அளவு: எல்லோரும் விபரம் தாருங்கள்

உறவுகளுக்கு வணக்கம். மாரி தொடங்க முன்னம், மழைத் தண்ணீரை வாவிக்குக் கொண்டுபோகும் எங்கள் தோணாவில் வெள்ளம் வந்தால் யாருடைய வளவுகளுக்குள் ஏறும் என்று ஒழுங்காகக் கணக்கெடுக்கப் போகிறோம்.

2011 ஜனவரி வெள்ளத்துக்குத் தப்பிய வீடுதானே என்று இருந்துவிடாதீர்கள். அப்போது இந்தப் பக்கம் பாதி வயலும் பற்றையும். இப்போது மண் நிரப்பி, மதில் கட்டி, முற்றத்துக்குக் கொங்கிறீற்றும் போட்டாயிற்று. 10 பேர்ச் (ஏறத்தாழ 250 சதுர மீற்றர்) வளவில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 25,000 லீற்றர் தண்ணீர். முந்தி அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கியது. இப்போது நேரே தோணாவுக்கு ஓடுகிறது. மதகுகளோ பழைய அளவுதான். வாவி நிரம்பி, அது கடலோடு சேரும் முகத்துவாரமும் மணல் வெட்டித் திறக்கப்படாமல் இருந்தால் தோணாத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் பின்னுக்கு ஏறும். மழை விட்ட பிறகும் வீட்டுக்குள் தண்ணீர் வரலாம் என்பது இதனால்தான்; இதைப் புதிதாகக் குடிவந்தவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, செய்ய வேண்டியது: சுவரில் பழைய வெள்ள அடையாளம் இருந்தால் நிலத்திலிருந்து அளந்து, எந்த ஆண்டு என்று எழுதி, படத்தோடு இங்கே போடுங்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு வளவுக்கு மண் நிரப்பியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். வயதானவர்களிடம் தண்ணீர் முதலில் எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இல்லை.

சேரும் விபரங்களைக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கொடுப்போம். மதகடியில் குப்பை, தென்னோலை போட வேண்டாம். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.