கவுண்டருக்கு உள்ளே இருந்தவன் எழுதுவது

பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் "சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றினேன். உனக்குப் புரிந்திருக்கும். "முப்பத்தஞ்சு வருஷம் யுனிவர்சிட்டி ஆபீஸ்லதானே இருந்தீங்க, அங்க உக்காந்திருக்கவங்களுக்கு என்னதான்பா பிரச்சினை?" என்று கேட்டாய். பக்கத்தில் அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் எழுதப்போகும் இந்தக் கதை தெரியாது. அதனால்தான் போனில் வாய் வரவில்லை.

முதலில் காசு. நாலு மாதமாக ஃபெலோஷிப் வரவில்லை என்பதை நாலாவது மாதக் கடைசியிலா சொல்வது? உன் கணக்கில் இருபதாயிரம் போட்டிருக்கிறேன். திருப்பித் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே. அரியர்ஸ் வந்ததும் உருப்படியாக ஒரு ஸ்வெட்டர் வாங்கு. வீடியோவில் நீ போட்டிருந்தது டெல்லிக் குளிருக்கு ஆகாது. போன வருடம் நான் அங்கே வந்த இரண்டு நாளிலேயே காது அடைத்துப்போனது எனக்கு.

இப்போது உன் பணம் எங்கே நிற்கும் என்று சொல்கிறேன். நீ ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை, வாங்கிச் சேர்ந்து ஆகஸ்டோடு இரண்டு வருடம் முடிந்தது. மாதம் 37,000 ரூபாய் என்பது அந்த இரண்டு வருடத்துக்கு. மூன்றாவது வருடம் எஸ்.ஆர்.எஃப்., அதாவது முதுநிலை, 42,000. நாள்காட்டி மாறியதும் இது தானாக மாறிவிடும் என்று ஸ்காலர்கள் எல்லாரும் நினைப்பார்கள். மாறாது. துறைத்தலைவர், கைடு, வெளியிலிருந்து ஒரு பேராசிரியர், மூன்று பேரும் உட்கார்ந்து உன் வேலையைப் பார்த்து, திருப்தி என்று கையெழுத்துப் போட வேண்டும். வெளியாள் வருகிற தேதிதான் கிடைக்காது. கிடைத்தால் கைடு ஊரில் இருக்க மாட்டார். எல்லாம் முடிந்தாலும், அந்தத் தாள் துறையிலிருந்து ஆபீசுக்கு வந்து, அங்கே ஒருவர் அதை போர்ட்டலில் ஏற்ற வேண்டும். அவருக்கு மேக்கர் என்று பெயர். அவர் ஏற்றியதை இன்னொருவர் சரிபார்த்து விடுவார், அவர் செக்கர். மாதாமாதம் "இந்த ஆள் இங்கே ஆராய்ச்சி செய்துகொண்டுதான் இருக்கிறார்" என்று உறுதி செய்வதும் இவர்கள்தான். இந்த இரண்டு பேர் சொடுக்காமல் பேங்கிலிருந்து ஒரு ரூபாய் நகராது.

எனக்கு இது இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், கடைசி சில வருடங்கள் எங்கள் செக்ஷனில் மேக்கர் நான்தான்.

நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது லீவு நாளில் என்னோடு ஆபீசுக்கு வந்து ரப்பர் ஸ்டாம்பை நோட்டு முழுக்கக் குத்துவாயே, அந்த அறைதான். பிஎச்.டி. செக்ஷன். நான் சேர்ந்த 1987இல் தீசிஸ் என்கிற ஆய்வேடுகள் எல்லாம் டைப் அடித்து வரும். கார்பன் காப்பியில் கடைசிப் பிரதி மங்கலாக இருக்கும், அதை வெளியூர்த் தேர்வாளருக்கு அனுப்பிவிட்டால் அவர் திட்டி எழுதுவார். மெரூன் கலர் ரெக்சின் அட்டை, அதில் தங்க எழுத்து. தீசிஸை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற மாதிரி வருவார்கள். நாங்கள் அதை வாங்கி, பக்கம் எண்ணி, மேலே நம்பர் போட்டு இரும்பு பீரோவில் வைப்போம். அப்புறம் தேர்வாளர் பட்டியல், துணைவேந்தர் தேர்வு, சம்மதக் கடிதம், டெஸ்பாட்ச், ரிமைண்டர், இரண்டாம் ரிமைண்டர். கொடுத்ததிலிருந்து வைவா என்கிற வாய்மொழித் தேர்வு வரைக்கும் ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. விதியே போட்டிருக்கிறது. ஆறு மாதத்தில் முடிந்ததை நானும் பார்த்திருக்கிறேன். விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த பெஞ்ச் உனக்கு ஞாபகம் இருக்கா, கவுண்டருக்கு வெளியே, ஒரு கால் ஆடும்? அதில் உட்காராத ஸ்காலர் கிடையாது. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பெண் காலக்கெடு நீட்டிப்புக்காக ஒரு வாரம் தொடர்ந்து வந்தார். பெண்களுக்கு இரண்டு வருடம் கூடுதல், 240 நாள் விடுப்பு என்கிற விதியெல்லாம் 2016இல்தான் வந்தது. இது அதற்கு முன்னால். எங்கள் சூப்பரின்டெண்டென்ட் விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டுவார், அந்தப் பெண் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொள்வார், மறுநாள் மறுபடி வருவார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2018இல் நான் வண்டியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தேனே, நீ அப்போது பி.ஏ. முதல் வருடம். கிட்டத்தட்ட மூன்று மாதம். கேரம் ஆடினோம், நீ தினமும் ஜெயித்தாய். அந்த மூன்று மாதமும் எங்கள் பல்கலைக்கழகத்தில் பதினாலு பேருக்கு ஃபெலோஷிப் போகவில்லை.

போர்ட்டல் பாஸ்வேர்டு என் டைரியில். டைரி என் மேசை டிராயரில். டிராயர் சாவி நம் வீட்டு அலமாரியில், உன் ஹால் டிக்கெட்டெல்லாம் வைக்கும் தகர டப்பாவுக்குள். பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லி ஒரு கடிதம் எழுதியிருந்தால் வேறு ஒருவருக்குக் கொடுத்திருப்பார்கள். அதை எழுத வேண்டியது யார் என்பதில் செக்ஷனில் இரண்டு பேருக்குள் சண்டை. எனக்குப் போன் வந்தது. "வந்து பாத்துக்கறேன் சார், அவசரமில்லையே" என்றேன். அவர்களும் அவசரமில்லை என்றார்கள். எங்கள் நாலு பேருக்கும் சம்பளம் முதல் தேதி வந்துகொண்டிருந்தது, அதனால் யாருக்கும் அவசரமில்லை.

நான் திரும்பிப் போய் உட்கார்ந்த அன்று, பதினாலு பேருடைய மூன்று மாத உறுதியையும் ஏற்றி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? ஒரு மதியம். நடுவில் சர்வர் படுத்தது, அதையும் சேர்த்து.

அந்தப் பதினாலு பேரில் ஒருவன் வேதியியல். ஒல்லியாக, எப்போதும் கட்டம் போட்ட சட்டை. நான் இல்லாதபோது வாரம் இரண்டு தடவை வந்து பெஞ்சில் உட்கார்ந்து போனதாக அட்டெண்டர் சொன்னார். நான் வந்த பிறகு அவனும் வந்தான். "கால் பரவாயில்லையா சார்?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். வைவா முடிந்த அன்று செக்ஷனுக்கு அரைக் கிலோ மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தான், நான் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.

ரிட்டயர் ஆன பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, உனக்குத் தெரியாது. மதியத்தில், தீசிஸ்களைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தைத் திறந்து எங்கள் பல்கலைக்கழகத்து தீசிஸ்களைப் பார்ப்பேன். உள்ளே இருக்கிறது எனக்கு எங்கே புரியப்போகிறது. நன்றியுரை மட்டும் படிப்பேன். முதலில் கடவுள், அப்புறம் கைடு, அப்புறம் கைடின் மனைவி, துறைத்தலைவர், நண்பர்கள், கடைசியில் பெற்றோர். சில பேர் "அலுவலகப் பணியாளர்களுக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி போடுவார்கள். அந்த வரி வந்தால் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

போன வருடம் கட்டம் போட்ட சட்டைக்காரனுடையது கண்ணில் பட்டது. கைடுக்கு ஒரு பத்தி. அம்மாவுக்கு இரண்டு வரி. அதற்கடுத்து, மூன்று மாதம் காசு கேட்காமல் கணக்கு நோட்டில் எழுதிச் சோறு போட்ட மெஸ் அக்காவுக்கு நன்றி என்று இருந்தது. மாதம் எது, வருடம் எது என்று அவன் எழுதவில்லை. எனக்கு மட்டும் தெரியும். அலுவலகப் பணியாளர் வரி அதில் இல்லை.

மே மாதம் நீ எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்கு வந்திருந்தாயே. நான் வெளியே காத்திருந்தேன், அப்புறம் டீக்கடையில் உன் நோட்டைக் காட்டினாய். ஊர்க்காரர்களே கண்மாய், கால்வாயைச் சீர்செய்ய வேண்டும் என்கிற அந்த 1858ஆம் ஆண்டுக் குடிமராமத்துச் சட்டத்தைப் பற்றி நீ சொன்னதெல்லாம் எனக்குப் பாதிதான் ஏறியது. ஆனால் கண்மாய்க் கரையைச் சரிசெய்யக் கேட்டு யாரோ கொடுத்த மனு ஒன்றையும், அதில் ஒரு குமாஸ்தா போட்ட தேதியையும் காட்டினாய். மனு வந்ததற்கும் அவர் பேனாவைத் தொட்டதற்கும் நடுவில் பதினோரு மாதம். "பாருங்கப்பா, உங்க ஆளு" என்று சிரித்தாய். நானும் சிரித்துக்கொண்டே டீக்குக் காசு கொடுத்தேன். ரயிலில் ஊருக்கு வரும்போது தூக்கம் வரவில்லை.

ஆக, என்னதான் பிரச்சினை என்று கேட்டாயே, பெரும்பாலும் ஒன்றுமில்லை. சாவி வீட்டில் இருக்கும். கெட்டவர்கள் என்று பார்த்தால் என் சர்வீஸில் இரண்டு பேரைச் சொல்வேன், அவர்களைப் பற்றி நேரில் சொல்கிறேன். மற்றவர்களெல்லாம் என்னை மாதிரி. அவர்களை மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை. நான் யார் அதைச் சொல்ல. அவர்களிடமிருந்து வேலை வாங்குவது எப்படி என்று வேண்டுமானால் சொல்வேன், அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை போ. காலையில் பத்தரைக்குப் போகாதே, தபால் பிரிக்கும் நேரம், எரிச்சலில் இருப்பார்கள். பதினொன்றரைக்குப் போ. வாயால் கேட்காதே. வாயால் கேட்டது அந்தக் கதவைத் தாண்டியதும் செத்துப்போகும். கடிதமாக எழுதி, கைடிடம் "பரிந்துரைக்கப்படுகிறது" என்று கையெழுத்து வாங்கி, துறை வழியாகக் கொடு. உன் பிரதியில் சீலும், கடிதம் வந்து சேர்ந்ததற்குப் போடும் இன்வர்டு நம்பரும், தேதியும் வாங்காமல் நகராதே. நம்பர் விழுந்த தாளைத் தொலைப்பது கஷ்டம், எனக்குத் தெரியும். கடிதத்தில் அழுகை வேண்டாம். சேர்ந்த தேதி, இரண்டு வருடம் முடிந்த தேதி, கமிட்டி கூடிய தேதி, கடைசியாகப் பணம் வந்த மாதம், அவ்வளவு போதும். கமிட்டி இன்னும் கூடவே இல்லை என்றால் ஆபீசில் போய் நின்று பயனில்லை, கைடிடம் போ. உன் கைடு நல்ல மாதிரி என்கிறாய். நல்ல மாதிரியானவர்கள்தான் மறந்துபோவார்கள். வெளியாளுக்கு மூன்று தேதி கேட்டு நீயே மெயில் எழுதிக் கொண்டுபோய்க் கொடு, அவர் அனுப்பினால் மட்டும் போதும் என்கிற மாதிரி.

தனியாகப் போகாதே. உன் பேட்சில் இன்னும் இரண்டு பேருக்கும் வரவில்லை என்றாய், மூன்று பேரும் சேர்ந்து போங்கள். ஒருவர் வந்து நின்றால் எங்களுக்கு அது ஒரு ஆள். மூன்று பேர் வந்தால் அது ஒரு ஃபைல். பதினாலு பேரும் தனித்தனியாக வந்து பெஞ்சில் உட்கார்ந்து தனித்தனியாகத் திரும்பிப் போனதால்தான் எங்கள் செக்ஷன் அன்றைக்குத் தப்பித்தது.

அந்த மேக்கர் யார் என்று கண்டுபிடி. "ஒரு மேடம்" என்கிறாய், பேர் தெரியாது என்கிறாய். மூன்றாவது வருடம் ஆகிறது. பேர் தெரிந்து வைத்துக்கொள், அவர் லீவில் போனால் யார் பார்ப்பார்கள் என்பதையும் கேட்டு வை. என்னிடம் அதை யாருமே கேட்டதில்லை. மைசூர்பாகு கொடுக்காதே. எதற்கும், யாருக்கும், வைவா முடிந்த பிறகும்.

பொங்கலுக்கு வர முடியாது என்றதில் அம்மாவுக்கு வருத்தம்தான். பக்கத்து வீட்டுப் பையன் பதினேழாம் தேதி டெல்லி திரும்புகிறான், அவனிடம் பருப்புப்பொடி, நாரத்தங்காய் ஊறுகாய், கொஞ்சம் அதிரசம் கொடுத்தனுப்புகிறோம். அதிரசத்தைப் பிரிட்ஜில் வைக்காதே, கல்லாகிவிடும். ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பாக்கி எவ்வளவு என்று நீ சொல்லவே இல்லை. அதைச் சொல், இந்த வாரமே அனுப்புகிறேன். வெளியில் டாபாவில் கடன் வைத்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஒரு நாள் சொல்வேன்.

திங்கட்கிழமை ஆபீசிலிருந்து வந்ததும் போன் செய். இரண்டிலிருந்து மூன்றரை வரை தூங்குவேன், பரவாயில்லை, எழுப்பு. இன்வர்டு நம்பரைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

அப்பா