பத்து இறாத்தல் பாத்திரம்

முள்ளியவளை,
மாசி மாதம்.

அன்பு மச்சான் கட்டையனுக்கு,

நாங்கள் நலம். உன் முதுகு எப்படி? கனடாப் பனியை வழிக்கிற வேலையைப் பெடியனிடம் கொடு என்று போன வருடமே சொன்னேன். கேட்டிருக்க மாட்டாய்.

நாலு மாதமாக ஏன் எழுதவில்லை என்று நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் நீ அனுப்பிய ஈயம் உருக்கும் பாத்திரம், மூட்டிய முதல் நாளே செத்துவிட்டது. "நல்லாய் வேலை செய்யுது மச்சான்" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினேனே, அப்போது அது திண்ணையில் கருகின மணத்தோடு கிடந்தது. அந்தப் பொய் தொண்டையில் முள்ளாக நின்றதால்தான் எழுத வரவில்லை.

முதலில் அந்த அட்டைப்பெட்டி. உனக்கு மூளை இருக்கிறதா? வேட்டைக்காரருக்காகச் செய்த சாமான், மலிவு, வாங்கினாய், சரி. பெட்டியின் நாலு பக்கமும் தோட்டாப் படம் இருந்ததே, அதைப் பார்க்கவில்லையா? அங்கே தோட்டா வார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. இங்கே முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒருவன் தோட்டாப் படம் போட்ட பெட்டியைத் திண்ணையில் வைத்துக்கொண்டு, "ஐயா, இது வலைக்கு ஈயக்குண்டு வார்க்க" என்று விளங்கப்படுத்துவதை நினைத்துப் பார். அதிலும் 'குண்டு' என்ற சொல்லே போதும். அன்றிரவே அட்டையை அடுப்பில் வைத்தேன். சின்னமாமி அதில் பிளேன்ரீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தார். அட்டையோடு அதன் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்கத்தாளும் எரிந்தது. வினை அங்கேதான்.

பாத்திரம் கொள்வது பத்து இறாத்தல், அதாவது நாலரைக் கிலோ அளவு ஈயம். (மகனுக்கு இறாத்தல் என்றால் பாண் மட்டும்தான். பத்துப் பாண் கொள்ளுமா என்று கேட்டான்.) வெளித்தகடு பிஸ்கற் ரின் மாதிரி மெல்லிசு. திருகியில் பாகை அளவு இல்லை, வெறும் ஒன்று இரண்டு மூன்று. ஈயம் 327 பாகையில் உருகும் என்று மகன் போனில் பார்த்துச் சொன்னான். நான் ஐந்தில் வைத்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் தண்ணீர். "கனடாச் சாமான் என்றால் சும்மாவா" என்று அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு ஈயத்தின் மேல்முகம் மயில் கழுத்து மாதிரி நீலமும் ஊதாவுமாக மினுங்கியது. அழகாயிருக்கிறதே என்று எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு புகை.

உனக்கு இப்போது விளங்கியிருக்கும். உன் ஊர் மின்சாரம் 120 வோல்ட், என் ஊரில் 230. புதுக்குடியிருப்பில் பாலைமரத்தடியில் மாஸ்டர் நமக்கு என்ன படிப்பித்தார்? வோல்ட் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு. ஐந்நூறு வாற்றுக்குச் செய்த கம்பிச்சுருள் ஆயிரத்து எண்ணூறை விழுங்கியிருக்கிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லாமல் சைக்கிள் தைனமோவில் ரேடியோ கேட்ட கூட்டம் நாம். அந்தத் தைனமோக் கணக்கில் அன்றைக்கும் நான் சைபர்தான், இன்றைக்கும் சைபர்தான். மாஸ்டர் இருந்திருந்தால் பிரம்பு முறிந்திருக்கும். ஆனால் அனுப்பியவனுக்கும் இரண்டு அடி விழுந்திருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்.

இனித்தான் கதை. மகன் பாத்திரத்தின் அடித்தகட்டிலிருந்த கம்பனி விலாசத்துக்கு மின்னஞ்சல் எழுதினான். பதில் வராது என்று நான் ஐந்நூறு ரூபாய் பந்தயம் கட்டினேன். போன வருடம் நகரத்துக் கடையொன்றில் வாங்கிய தண்ணீர் பம்பின் கதை உனக்குத் தெரியும்தானே. ஒரு வருட வாறண்டி அட்டை, பளபளவென்று. ஏழாம் மாதம் இறுகிப் போனது. கொண்டுபோனால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அனுப்பினால் உதிரிப்பாகம் இல்லை என்றார்கள். கடைசியில் கடைக்காரர் சிரித்த முகத்தோடு புது பம்பின் விலையைச் சொன்னார். அது இப்போது கோழிக்கூட்டுக்குக் கதவுக்கு முட்டு.

இங்கே என்ன நடந்தது தெரியுமா? இரண்டாம் நாள் பதில். மனுசி ஒருத்தி, பெயர் போட்டு எழுதியிருந்தாள். எத்தனை வோல்ட்டில் போட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. மகன் என் முகத்தைப் பார்த்தான். தெரியாது என்று எழுதச் சொல்ல வாய் உன்னியது மச்சான், உண்மை. உனக்குச் சொன்ன பொய்யே போதுமென்று உள்ளதை எழுதச் சொன்னேன். இது வாறண்டிக்குள் வராது என்று அவள் நேராகச் சொல்லிவிட்டாள். ஆனால் அதோடு விடவில்லை. சுருளும் திருகியும் தனித்தனியாக வாங்கலாம், எங்கள் மின்சாரத்துக்கும் பொருந்துவது உண்டு, பழையதைக் கழற்றுவது இப்படி என்று படமும் வைத்திருந்தாள். தபால் செலவுதான் சாமானின் விலையைவிடக் கூட. அந்த மலிவுத் தகரத்தைக் கழற்றிப் பார்த்தேன். நாலு திருகாணிதான். ஒட்டும் இல்லை, முத்திரையும் இல்லை. கெட்டுப்போகும் என்று தெரிந்தே, திருத்துகிறவனை நினைத்துச் செய்திருக்கிறார்கள். பம்பைத் திறக்க நான் உளியும் சுத்தியலும் எடுக்க வேண்டியிருந்தது.

பாத்திரத்தோடு வந்த அலுமினிய அச்சைப் பற்றியும் முறைப்பட்டேன். இரண்டு பாதியும் பொருந்தாமல், வார்த்த மணியை, அதுதான் வலைக்கான ஈயக்குண்டை, சுற்றிச் செதில் செதிலாக ஈயம் பிதுங்கியது. அதற்கும் பதில் வந்தது: மணி விழாவிட்டால் எங்கே தட்டுகிறீர்கள்? அச்சின் முகத்தில், சுத்தியலால் என்று எழுதினோம். அங்கே தட்டவே கூடாதாம், பிடியின் மூட்டில் மரக்கட்டையால் மெல்லத் தட்ட வேண்டுமாம். அலுமினியம் இரும்பு மாதிரி அடி தாங்காது. அச்சு குளிராக இருந்தால் மணியில் சுருக்கம் விழும், எண்ணெய் பட்டாலும் அப்படித்தான், முதலில் அச்சுக்கு விளக்குப் புகை காட்டுங்கள் என்றாள். குப்பி விளக்கைத் தேடி எடுத்துக் கரி பிடித்தேன். மணி தானாகவே விழுகிறது! பெரியப்பா கணவாய் ஓட்டில் குடைந்து வார்த்தாரே, ஒரு ஓட்டுக்கு ஒரு வார்ப்பு. இதில் ஒரு பின்னேரத்தில் நானூறு வார்த்துவிட்டேன், விறகடுப்பில், இரும்புச்சட்டியும் அகப்பையும் வைத்து.

பழைய பற்றரி ஈயத்தைத் தொடவே வேண்டாம், அதன் கசடு நஞ்சு, வார்த்த கையோடு சாப்பிட வேண்டாம் என்றும் அவளே எழுதினாள். பக்கத்து வளவுக்காரர் இரண்டு பற்றரி தந்திருந்தார். திருப்பிக் கொடுத்தேன், கோபம். ரயர் கடைகளில் சக்கரத்தில் அடிக்கிற ஈயத்துண்டுதான் பொறுக்குகிறேன். அதிலும் நாகத் துண்டு (துத்தநாகம்) கலந்திருக்கும். குறட்டால் கடித்துப் பார்த்து, பல் பதிந்தால்தான் சட்டிக்கு.

ஒன்று சொல்லாமல் விட முடியாது. மார்கழி மழையில் மகன் ஈரத் துண்டொன்றை உருகிய ஈயத்துக்குள் போட்டுவிட்டான். ஒரு துளி தண்ணீர், அடியில் போய் ஆவியாகி, படார் என்று வெடித்தது. அவன் கையில் இரண்டு இடத்தில் தெறித்தது, கண்ணுக்கு ஒன்றும் இல்லை, இப்போது ஆறிவிட்டது. நான் அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் சின்னமாமியைக் காணவில்லை. அடுப்படி மூலையில், தலைக்கு மேல் இரண்டு கையும் வைத்து, குப்புறப் படுத்திருந்தார். கூப்பிட்டேன், எழும்பவில்லை. முதுகைத் தடவி, "ஈயம் மாமி, ஈயம்தான்" என்று எவ்வளவு நேரம் சொன்னேனோ தெரியாது. எழும்பியதும் ஒன்றும் நடக்காத மாதிரி, சோறு போடவா என்றார். அதற்குப் பிறகு வார்ப்பு வேலையைக் கிணற்றடிக்குக் கிழக்கே கொண்டுபோய்விட்டேன், அவர் கோவிலுக்குப் போகிற நேரம் பார்த்து மட்டும்.

நந்திக்கடலில் இறால் பரவாயில்லை. வீச்சுவலைக்கு அரைவாசி மணி கோத்தாயிற்று. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வருகிறேன் என்று மூன்று வருடமாக ஏமாற்றுகிறாய். இம்முறை வா. வரும்போது அந்தச் சுருளைக் கையோடு கொண்டு வந்தால் தபால் காசு மிச்சம். விபரம் மகன் அனுப்புவான். 230 வோல்ட் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார். படம் போட்ட பெட்டியை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு வா.

அன்புடன்,
சிலந்தி