கிணற்றடி ஆட்காட்டி

அன்பு மகன்,

நாங்கள் சுகம். பேரன் இரவில் கண்மூடுவதே இல்லை என்று மருமகள் போனில் சொன்னாள். குரல் நல்லாய்க் களைத்திருந்தது. அதை நினைத்துக்கொண்டே வயலுக்குப் போனேன்.

கிணற்றடித் துண்டில் ஆட்காட்டி முட்டை இட்டிருக்கிறது. கூடு என்று ஒன்றுமில்லை. காய்ந்த மண்ணில் சின்னக் குழி, சுற்றிவரக் கொஞ்சம் கல். நாலு முட்டையும் மண் நிறம். கண்ணை எடுத்தால் திரும்பக் கண்டுபிடிக்க ஏலாது. மத்தியான வெயிலுக்குள் மருத மரத்தடியில் இருந்து பார்த்தேன். ஒன்று வாய்க்காலில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடி வந்தது. அடையிருந்தது எழும்பி விலக, ஈரத்தோடு இது முட்டையில் இருந்தது. எங்கள் ஊர் வெயிலில் அடைகாப்பது சூடேற்ற மட்டுமில்லை, முட்டை வெந்துபோகாமல் காக்கவும்தான்.

இந்த வகைக் கரைப்பறவைகள் சோடியாக அடைகாக்க முறை மாறுவதைப் பற்றி 2016இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 32 இனங்கள், 729 கூடுகள். சில சோடி ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாறும். சிலதில் ஒரு பறவை வழமையாகவே 19 மணித்தியாலம் வரை இருக்கும். பசிதான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். அதைவிட, எதிரிக்கு எப்படித் தப்புகிறது என்பதில்தான் கூடுதலாகத் தங்கியிருக்கிறதாம். அசையாமல் ஒளிந்திருக்கும் இனம் நீண்ட முறை இருக்கும். போய் வந்தால் கூடு தெரிந்துவிடுமே. எழும்பிக் கத்தித் துரத்தும் இனம் அடிக்கடி மாறும்.

கடற்கரை உப்புக்கொத்திகளில் கென்டிஷ் என்று ஒரு இனம். அதில் பெரும்பாலும் பகலில் பெட்டை, இரவில் சேவல். கொதிக்கும் பாலைக் கரைகளில் மட்டும், பகல் சூட்டையும் இரண்டும் பங்குபோடும். ஒன்றால் தாங்க ஏலாது.

அதை வாசித்தபோது எனக்கு 1996தான் ஞாபகம் வந்தது. கிளிநொச்சியை விட்டு வந்து மல்லாவியில் கொட்டில் போட்டிருந்தோம். நீ கைக்குழந்தை. நுளம்பு வலை கிடைக்கவில்லை. பகல் முழுக்க உன்னை அம்மா வைத்திருப்பா, பொழுதுபட்டால் நான். பனையோலை விசிறியால் விடியும்வரை விசிறுவேன். கை ஓய்ந்தால் நீ சிணுங்குவாய். மகன், அந்த இரவுகள் எனக்குப் பாரமாக இருக்கவே இல்லை. உன் மூச்சுச் சத்தம் எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

உனக்கும் வேலை, குளிர், தூரம் எல்லாம் இருக்கிறது, தெரியும். என்றாலும் இரவுமுறையை நீ எடு. அவள் ஒரு ஆறு மணித்தியாலம் சேர்ந்தாற்போல நித்திரை கொள்ளட்டும்.

கூட்டைச் சுற்றி நாலு கம்பு நட்டிருக்கிறேன். லாண்ட்மாஸ்டர்காரத் தம்பியிடமும் சொல்லிவிட்டேன், அந்தத் துண்டைக் கடைசியாக உழுவான். குஞ்சு பொரித்ததும் படம் அனுப்புகிறேன். நீ பேரனின் படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா