நிழல் சுவருக்கு முல்லை கேட்பவர்களுக்கு

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சந்து, வெயிலே விழாது, ஒரு முல்லைக்கொடி கொடுங்க" என்று கேட்பவர்களிடம் சில சமயம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். முல்லை, காகிதப்பூ, சங்குப்பூ எல்லாம் வெயிலுக்குப் பூப்பவை. நிழலில் கொடி நூலாக நீளும், பூ வராது.

வடக்குச் சுவர் என்றாலே நிழல் என்றும் முடிவு கட்டாதீர்கள். நம் கோவையில் ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமிருந்துதான் சாய்ந்து விழும். மார்கழியில் இருண்டு கிடக்கும் சுவரில் கத்திரியில் காலையும் மாலையும் வெயில் அடிக்கும்.

நிஜமாகவே நிழல்தான் என்றால், எங்கள் ஓட்டு மிளகுக்கு. மரத்தடியில் வளர்ந்து பழகிய கொடி. மிளகில் பன்னியூர்-1 ரகம் நன்றாகக் காய்க்கும், ஆனால் அடர்ந்த நிழல் அதற்கு ஆகாது, கரிமுண்டா ரகம் தாங்கும். கன்றை வாங்குமுன் தண்டைத் திருப்பிப் பாருங்கள். கணுவுக்குக் கணு குட்டி வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது சுவர் ஏறும். வேரில்லாமல், சின்னச் செடியிலேயே சரம் தொங்கினால் அது பக்கக்கிளையில் எடுத்த குத்து மிளகு. தொட்டிக்கு நல்லது, சுவருக்கு உதவாது.

வெற்றிலையும் சரிதான், கொடிக்காலில் அகத்தி நிழலில்தானே வளர்கிறது? அனல்காற்று மட்டும் ஆகாது. மணி பிளாண்ட் மேலே ஏற ஏற இலை பெரிதாகும். குட்டி இலையோடு சுவரில் அப்பிக்கொள்ளும் படர் அத்தியும் விற்கிறோம், ஆனால் அரைமனதோடுதான். பிய்த்தால் பெயிண்டும் கூடவே வரும், வெட்டாமல் விட்டால் மேலே கிளை தடித்துவிடும்.

நடும்போது சுவரை ஒட்டிக் குழி எடுக்காதீர்கள். சன்ஷேடுக்கு அடியில் மழை இறங்காது, மண்ணில் சிமெண்டுக் காரையும் செங்கல் துண்டும் கிடக்கும். ஒன்றரை அடி தள்ளி நட்டு, கொடியைச் சுவர்ப் பக்கம் சாய்த்துவிடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் மிளகு வேரழுகி வாடிவிடும். வழவழ பெயிண்டில் வேர் பிடிக்காது, அப்போது தென்னங்கயிறு சுற்றிய கம்பு ஒன்றை நட்டுக்கொடுங்கள். ஏற்கெனவே ஓதம் ஏறிய சுவரென்றால் கொடியை அதன்மேல் விடவே வேண்டாம். நான்கைந்து அங்குலம் தள்ளிக் கம்பிவலை அடித்து, அதில் ஏற்றுங்கள்.

கடைக்கு வரும்போது, காலை, மதியம், மாலை என்று அந்தச் சுவரை மூன்று படம் எடுத்து வாருங்கள். பார்த்துவிட்டுக் கன்று எடுத்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் நர்சரி