கணிப்பு வேறு, எண்ணிக்கை வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தால், “கருத்துக்கணிப்பில் இவர் 2 விழுக்காடு முன்னிலை” என்று நம் காப்பிக்கடைகளிலும் பேச்சு. ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் ஒருவரின் ஆதரவு ஏறத்தாழ 3 புள்ளி கூடலாம், குறையலாம்; இதுதான் பிழை எல்லை. இருவருக்கும் இடையிலான இடைவெளியில் பிழை இன்னும் பெரிது. அப்புறம் 2 புள்ளியை எப்படி முன்னிலை என்பது? அதோடு, 2016ல் ஹில்லரி கிளிண்டன் நாடளவில் பதிவான வாக்குகளிலேயே சுமார் 2 புள்ளி அதிகம் பெற்றும் தோற்றார். அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாக நியமிக்கப்படும் தேர்வாளர்களின் வாக்குகள்தான் முடிவு செய்தன.

நம் சிங்கப்பூரில் தேர்தல் இரவில் வரும் மாதிரி வாக்கு எண்ணிக்கையோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது உண்மையில் போட்ட வாக்குகளில் ஒரு பகுதியை எண்ணுவது. 2023 சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் திரு தர்மனுக்கு 70 விழுக்காடு என்றது, முடிவு 70.4. கணிப்பில் இருப்பதோ, பதில் சொல்ல ஒப்புக்கொண்டவர்களின் அன்றைய எண்ணம் மட்டுமே.

கணிப்புச் செய்திகளில் எத்தனை பேர், எந்தத் தேதி, பிழை எல்லை எவ்வளவு என்பதையும் தலைப்புக்குக் கீழேயே அச்சிடுங்கள்.

வாசகர், தெம்பனிஸ்