கூடாரமா, பயிற்சியா? ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் நண்பனுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா,
தைப்பூசம் கழிந்த வாரம்

அன்பு நண்பா,

"இந்த வருஷமாவது ஸ்கவுட் வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்" என்று எழுதியிருந்தாய். உன் தங்கச்சியும் டீ கொடுக்கும்போதெல்லாம் அதையேதான் சொல்கிறாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில்: குறையவில்லை, கூடிவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாலில் கால் வைக்க இடமில்லை. ஐந்து வயசு மீர்கேட் வாண்டுகள் ஒரு மூலையில், ஏழிலிருந்து பத்து வரைக்கும் உள்ள கப்ஸ் ஒரு மூலையில், பதினொன்றுக்கு மேற்பட்ட ஸ்கவுட்ஸ் வாசலில் கயிறும் கம்புமாக. 1999-இல் பெண்பிள்ளைகளையும் சேர்க்கத் தொடங்கிய பிறகு முகமே மாறிவிட்டது. என் பேத்தி ஒரு பட்ரோலுக்கு, அதாவது ஆறேழு பேர் கொண்ட சிறு குழுவுக்குத் தலைவி, என்னையே அதட்டுகிறாள். உம்லாசிப் பக்கத்திலிருந்து ஆற்றைத் தாண்டி வரும் ஜூலுப் பிள்ளைகளும் இப்போது நிறைய. நாம் சேர்ந்த காலத்தை நினைத்துப் பார். வெள்ளையருக்கு ஒரு சங்கம், ஆப்பிரிக்கருக்கு ஒன்று, கலர்டு என்ற கலப்பினத்தாருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. ஒரே உறுதிமொழி, ஒரே இடக்கைக் குலுக்கல், ஆனால் கேம்ப் மட்டும் தனித்தனி. 1977 ஜூலையில் குவோ வாடிஸ் மாநாட்டில் நாலும் ஒன்றானபோது, "இனிமேல் நம் கூடாரத்துக்குப் பக்கத்தில் யார் கூடாரம் அடிப்பார்கள் என்று பார்க்கலாம்" என்று நீ கிண்டலாகச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. இன்றைக்குப் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம்பாமல் இருப்பதே நல்லது என்று சில நாள் தோன்றுகிறது, சில நாள் தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றுகிறது.

பிள்ளைகள் வருவது சந்தோஷம்தான். வராதவர்கள் பெரியவர்கள். அதுதான் இப்போது என் தலைவலி, இந்தக் கடிதம் நீளப்போவதும் அதனால்தான்.

விஷயம் இது. வருஷத் தொடக்கத்தில் பெற்றோர் கமிட்டி கூடியது. பிரியாணி விற்று வரும் பணத்தில் புதுக் கூடாரங்கள் வாங்க வேண்டும் என்று ஏகமனதாகப் பேச்சு. நான் ஒருத்தன் மட்டும், முதலில் ஆள்களைப் பயிற்சிக்கு அனுப்புவோம், கூடாரம் அப்புறம் என்றேன். ஒரே சத்தம். "கூடாரம் கண்ணுக்குத் தெரியும் அங்கிள், பயிற்சி எங்கே தெரியப் போகிறது?" என்று ஒரு தகப்பன் கேட்டார். நியாயமான கேள்வி, அதனால்தான் பணம் கொடுக்கிறவர்களும் கூடாரத்துக்குக் கொடுக்கிறார்கள். கடைக்காரரிடம் போய் ஒரு கூடாரத்துக்கு உதவுங்கள் என்றால் உடனே தருவார், அதில் தன் கடைப் பெயரை அச்சடித்துக்கொள்ளலாம். ஒரு இளம் தாயை வாரக்கடைசிப் பயிற்சிக்கு அனுப்பும் செலவுக்கு உதவுங்கள் என்றால் யோசிக்கிறார். யார் நெற்றியில் பெயரை அச்சடிப்பது?

ஆனால் கணக்கைப் பார். பிள்ளைகளோடு பெரியவர் ஒருத்தர் மட்டும் தனியாக இருக்கக்கூடாது, எங்கே போனாலும் குறைந்தது இரண்டு பேர். இது நல்ல விதி, இதில் சமரசம் கிடையாது. நம்மிடம் சரியாகப் பயிற்சி முடித்தவர்கள் விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் ஒருத்திக்கு நைட் ஷிஃப்ட். ஒருத்தர் வராவிட்டால் கேம்ப் ரத்து. போன வருஷம் அப்படித்தான் ஒன்று நின்றது. கூடாரமெல்லாம் மூட்டை கட்டி வாசலில் கிடந்தது, கூட்டிப் போக ஆளில்லை. பழைய கூடாரம் கிழிந்தால் தைக்கலாம். இரண்டாவது பெரியவரை எங்கே போய்த் தைப்பது?

கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடிந்தது. எனக்குப் பூரண திருப்தியில்லை, ஆனால் ஒப்புக்கொண்டேன். இரண்டு தாய்மார்களும், ரோவர் என்ற மூத்த ஸ்கவுட் பிரிவிலிருந்து ஒரு பையனும் இந்த வருஷம் பயிற்சிக்குப் போகிறார்கள். பட்ரோல் தலைவர்களில் மூன்று பேர் விடுமுறையில் பிஎல்டியூ என்ற பட்ரோல் தலைவர் பயிற்சிக்குப் போகிறார்கள். இந்த நாட்டு ஸ்கவுட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அதுதான். பதினான்கு வயசுப் பிள்ளை ஒரு வாரம் வெளியே தங்கி, ஆறேழு பேரை எப்படி நடத்துவது, யாருக்கு எந்த வேலை கொடுப்பது, சாப்பாடு கருகினால் யாரைத் திட்டாமல் இருப்பது என்று கற்றுக்கொண்டு வருகிறது. போன பிள்ளை ஒன்று, வந்தது வேறு ஒன்று. நாம் போனபோதும் அப்படித்தானே.

அந்த இரண்டு தாய்மாரில் ஒருத்தி, "பயிற்சி முடித்தால் கழுத்தில் மணி போடுவார்களாமே, எதற்கு?" என்று கேட்டாள். தினுஜூலு கதையைச் சொன்னேன். 1888-இல் ஜூலு நாட்டில் நடந்த சண்டையின்போது அரசர் தினுஜூலுவின் மரமணி மாலை, பின்னால் ஸ்கவுட்டைத் தொடங்கிய பேடன் பவல் கைக்கு வந்தது. 1919-இல் லண்டன் பக்கத்துக் கில்வெல் தோட்டத்தில் முதல் பயிற்சி முடித்தவர்களுக்கு அதிலிருந்து மணிகளைக் கழற்றிக் கொடுத்தார். உலகமெங்கும் வுட் பேட்ஜ் என்ற இந்தத் தலைவர் பயிற்சியை முடித்தவர்கள் தோல் வாரில் கோத்துப் போடுவது அதன் நகல்தான். மாலை எப்படி அவர் கைக்கு வந்தது என்பதில் சரித்திரக்காரர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். பக்கத்தில் நின்ற ஜூலு ரோவர் பையன் அமைதியாக, "எங்கள் அரசர் மாலை, நானே சம்பாதித்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்" என்றான். அவன் பயிற்சிச் செலவை முழுசும் நானே கொடுத்துவிட்டேன். கமிட்டியிடம் சொல்லாதே.

இனி பிரியாணி. மார்ச் மாதம் ஒரு ஞாயிறு குறித்திருக்கிறோம். டிக்கெட் முன்கூட்டியே விற்கிறோம், அன்றைக்கு வாசலில் விற்பனை கிடையாது. முன்னால் ஒரு தடவை நாலு அண்டா மிஞ்சிப்போய், அடுத்த மூன்று நாள் தெருவே அதைத் தின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி என்ற பழைய கணக்குதான். கோயில் அண்டாக்களைக் கேட்டு வாங்கியாகிவிட்டது. கறுப்பு மசூர் பருப்பைத் தனியாக வேக வைத்து அரிசிக்கும் கோழிக்கும் நடுவில் அடுக்கினால்தான் நம் டர்பன் ருசி. அதைக் குக்கரில் போட்டுக் குழைத்துவிடும் புது சமையல்காரர்களை அடுப்படிப் பக்கமே விடப்போவதில்லை. மேலே தயிர், ஓரத்தில் பருப்புக் குழம்பு, கேரட் சாலட். உருளைக்கிழங்கு உரிப்பது முழுக்கப் பிள்ளைகள் வேலை. பெற்றோர் உரித்துக் கொடுத்தால் அந்தப் பட்ரோலுக்கு மதிப்பெண் இல்லை என்று என் பேத்தி சட்டம் போட்டிருக்கிறாள். டிக்கெட் விற்ற கணக்கும் பிள்ளைகளே எழுதுகிறார்கள், நோட்டு ஹாலில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காசு விஷயத்தில் மூடி வைத்தால் அதுவே சண்டைக்கு முதல் வித்து.

இன்னும் இரண்டு சின்ன வழி. கடையில் அட்டையைத் தேய்த்தால் நமக்கு ஒரு பங்கு வரும் மைஸ்கூல் அட்டை, பாட்டிமார் எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு. அந்த ரசீது கிடைக்கிற வழியில் கொடுத்தால் வரியில் கழிவு உண்டு, வரிக்குரிய வருமானத்தில் பத்து சதவீதம் வரை. வரி வருஷம் பிப்ரவரியோடு முடிகிறது, ஆகவே கொடுக்க மனசிருக்கிற டாக்டர்களையும் வக்கீல்களையும் இந்த மாதமே பிடிக்கிறோம். உன் மருமகன் வக்கீல்தானே? சும்மா கேட்டேன்.

வருஷத்து வேலைகளில் பெரியதை மட்டும் சொல்கிறேன். பிப்ரவரி 22 பேடன் பவல் பிறந்தநாள், சில்வர்க்ளென் காப்புக்காட்டுக்கு நடை. அங்கே நாட்டு மூலிகைச் செடிகள் வளர்க்கும் நாற்றங்கால் இருக்கிறதே, அதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். ஈஸ்டர் கேம்பைத் தள்ளி வைத்துவிட்டோம். புனித வெள்ளியன்று பாதிக் குடும்பம் மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலில் நிற்கும், எந்தப் பிள்ளை கேம்புக்கு வரும்? அதற்குப் பதில் பெரிய பிள்ளைகள் அங்கேயே தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளுக்கு ஒரு மேசையும் போடச் சொல்லியிருக்கிறேன். ஜூலை 18 மண்டேலா தினத்துக்கு அறுபத்தேழு நிமிஷத் தொண்டு, அது எல்லாரும் செய்வதுதான். ஆடியில் கூழ் ஊற்றும் ஞாயிறுகளில் ஸ்கவுட் நிகழ்ச்சி எதுவும் கிடையாது. போட்டாலும் யாரும் வரப் போவதில்லை.

ஏப்ரல் கடைசியில் டிராகன்ஸ்பெர்க் மலை, ஜயண்ட்ஸ் காசில் பக்கம். கோடையில் அங்கே மத்தியானமானால் இடி மின்னல் இறங்கும், குளிர்காலத்தில் காய்ந்த புல் தீப்பிடிக்கும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த வாரங்கள்தான் பிள்ளைகளுக்குப் பத்திரம். மலையேறும் முன் பதிவேட்டில் பெயர், பாதை, திரும்பும் நேரம் எல்லாம் பிள்ளைகளே எழுத வேண்டும். மெயின் கேவில் சான் மக்கள் பாறையில் தீட்டிய ஓவியங்களையும் காட்ட வேண்டும்.

"இந்தக் கயிற்றுக் கட்டெல்லாம் இப்போது எதற்கு?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். 2022 ஏப்ரல் வெள்ளத்தைச் சொன்னேன். நானூறு பேருக்கு மேல் போனார்கள், தொங்காட் ஊரில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே உடைந்து மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. இங்கே நம் தெருவில் லாரி வந்து நின்றபோது, வரிசை போட்டு, நடக்க முடியாத கிழவிகளின் வீட்டுக்கு வாளியைச் சுமந்து போனது யார்? அவர் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தன் பையனோடு அவரே உள்ளே வந்து உட்கார்ந்தார். நான்கு கம்பங்களை வைத்துக் கட்டச் சொன்னேன். அவர் பையன் நேர்க்கம்பத்தில் முதல் முடிச்சைப் போட்டு, குறுக்குக்கம்பத்தைச் சேர்த்து மூன்று சுற்று சுற்றினான். அப்புறம் இரண்டு கம்பத்துக்கும் இடையில் புகுத்தி இறுக்கும் சுற்று வந்தபோது காலைக் கம்பத்தில் ஊன்றி, சைசல் கயிற்றைப் பல்லைக் கடித்து இழுத்தான். கயிறு கிறீச்சிட்டது. தகப்பனும் குனிந்து கயிற்றின் மறுநுனியைப் பிடித்துவிட்டார். "விடுங்கள், இது என் கட்டு" என்றான் பையன். அவர் விட்டார். போகும்போது பயிற்சிக்கு எப்போது பதிவு என்று கேட்டுவிட்டுப் போனார். கூடாரத்துக்காகச் சத்தம் போட்டவரும் அவர்தான்!

இப்போது உன் விஷயம். அக்டோபர் மூன்றாவது வாரக்கடைசியில் ஜோட்டா. உலகமெங்கும் ஸ்கவுட்ஸ் ரேடியோவிலும் இண்டர்நெட்டிலும் பேசிக்கொள்கிற நாள். பிள்ளைகளுக்கு இண்டர்நெட் புதிதில்லை, போனில் தினம் பார்ப்பதுதான். இரைச்சலுக்கு நடுவே யாரோ ஒருத்தன் குரல் ஆகாயத்திலிருந்து இறங்கி வந்து தன் பெயரைக் கேட்பதை அவர்கள் கேட்டதில்லை. உன் ஹாம் ரேடியோ செட்டைக் கட்டிக்கொண்டு வா. ஆன்டெனா கம்பத்தைப் பிள்ளைகள் நிறுத்துவார்கள், எட்டு மீட்டரா பத்து மீட்டரா என்று முன்கூட்டியே எழுது, மூங்கில் சொல்லி வைக்க வேண்டும். என்-3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம், நடுவில் ஹாரிஸ்மித்தில் இறங்கிக் காலை நீட்டிக்கொள். தங்க இடம், சாப்பாடு எல்லாம் வீட்டில்தான். உனக்கென்று ஒரு பிரியாணி பாக்கெட் வேண்டுமென்றால் மார்ச்சிலேயே வர வேண்டும், அக்டோபர் வரை வைத்திருக்க முடியாது.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய். பிள்ளைகளோடு வேலை செய்கிற பெரியவர் யாரானாலும் ஃபார்ம் 30 போட்டு, சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டில் பெயர் இல்லை என்று எழுத்து வாங்க வேண்டும். நீ என் சினேகிதன் என்பதற்காகச் சலுகை கிடையாது. பதில் வர நாளாகும், அக்டோபர் என்று சும்மா இருந்துவிடாதே. படிவத்தை இதோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன், ஐடி நகல் இரண்டு வை.

உன்,
பழைய பட்ரோல் தோழன்